விஷன்சர் ஏரிக்கரையில்

கடலைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு மலையின் மீது ஒரு மயக்கம் உண்டு. நாமும் அத்தகையவரே. கடற்கரையூர் ஒன்றில் பிறந்து, ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கடல் மட்டத்துக் காற்றையே மூச்சுக்குப் பழக்கிய நாம், 2023ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் காஷ்மீரத்தின் மலை ஏரிகளைக் காணக் கால்நடையாகப் புறப்பட்டோம். துணைக்கு நண்பர் இருவர். ஒருவர் வாணியம்பாடி மருத்துவர், உருது அறிந்தவர். மற்றவர் நம் ஊர்ப் பள்ளி ஆசிரியர். திரும்பி வந்தபின், கண்ட அழகை எழுதுமாறு பலரும் கேட்டனர். அழகை எழுதுவோம். அதனுடன் நாம் செய்த பிழையையும் எழுதுவதே நேர்மை.

ஸ்ரீநகரிலிருந்து லடாக் செல்லும் சாலையில், ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவில் சோனாமார்க் இருக்கிறது. அதன் அருகே ஓடும் ஆற்றுக்கும் சிந்து என்றே பெயர். ஆனால் அது பெரிய சிந்து நதி அன்று, ஜீலத்தில் கலக்கும் கிளையாறு. அங்கே ஏறத் தொடங்கி, மூன்று கணவாய்களைக் கடந்து, நாராநாக் என்னும் சிற்றூரில் இறங்கினால் எழுபது கிலோமீட்டருக்கு மேல் நடந்திருப்போம். இடையில் விஷன்சர், கிஷன்சர், கட்சர், சத்சர், கங்காபல், நுந்த்கோல் என ஏரிகள் வரிசையாக வருகின்றன. காஷ்மீரி மொழியில் ‘சர்’ என்றால் ஏரி. ஜூலை முதல் செப்டம்பர் வரையே வழி திறந்திருக்கும். கூடாரத்தையும் அரிசியையும் குதிரைகள் சுமக்க, குதிரைக்காரப் பெரியவர் வழிகாட்ட நடந்தோம்.

முதல் நாள் புல்வெளிகளையும், வெண்ணிறப் பட்டை உரியும் பூர்ஜ மரங்களையும் கடந்து நிச்னாய்ப் பள்ளத்தாக்கில் கூடாரம் அடித்தோம். சோனாமார்க் ஏறத்தாழ 2,750 மீட்டர் உயரம்; அந்த இடமோ 3,500. ஒரே பகலில் 750 மீட்டர் ஏறிவிட்டோம். மாலையிலேயே நெற்றிப்பொட்டில் வலி தொடங்கியது. சோற்றைக் கண்டால் குமட்டிற்று. இஷாத் தொழுகைக்குப் பின் மருத்துவர், “தலை ஏதும் வலிக்கிறதா பாய்?” என்று கேட்டார்.

“ஒன்றுமில்லை” என்றோம்.

ஏன் அப்படிச் சொன்னோம்? ‘இந்த வயதில் மலையேற்றமா?’ என்று வீட்டில் கேட்டபோது மார்தட்டிவிட்டு வந்திருந்தோம். ஆசிரியரோ பள்ளியில் மன்றாடி விடுப்புப் பெற்று வந்தவர். நம்மால் ஒரு நாள் தாமதமாயிற்று என்ற பெயர் நமக்கு வேண்டாம் என்று எண்ணினோம். அந்த எண்ணத்துக்கு அப்போது பெருந்தன்மை என்று பெயர் வைத்துக்கொண்டோம். அது வெறும் செருக்கு என்பது பின்னரே விளங்கிற்று.

உயரத்தில் காற்றின் சேர்மானம் மாறுவதில்லை; பிராணவாயுவின் விகிதமும் அப்படியே இருக்கிறது. குறைவது காற்றின் அழுத்தம். நாலாயிரம் மீட்டரில் அது கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கே. அதனால் ஒவ்வொரு மூச்சிலும் உடலுக்குக் கிடைக்கும் பிராணவாயு குறைகிறது. இதற்கு உடல் பழகிக்கொள்ளும். ஆனால் அதற்கு நாள் வேண்டும். 3,000 மீட்டருக்கு மேல், இரவு தங்கும் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மிகாமல் கூட்ட வேண்டும் என்பது மருத்துவர்கள் வகுத்த நெறி. தலைவலியும் குமட்டலும் உடல் விடுக்கும் முதல் எச்சரிக்கை. அதைப் பொருட்படுத்தாமல் மேலே ஏறினால் நுரையீரலிலும் மூளையிலும் நீர் கோத்து உயிருக்கே முடிவாகலாம்.

மறுநாள் ஏறத்தாழ 4,100 மீட்டர் உயரமுள்ள நிச்னாய்க் கணவாயைப் பல்லைக் கடித்துக்கொண்டு கடந்தோம். மாலையில் விஷன்சர் ஏரிக்கு அருகே கூடாரம் எழுந்தது. நாம் ஒரு பாறை மறைவுக்குச் சென்று வாந்தி எடுத்தோம். யாரும் காணவில்லை என்று திரும்பினால், குதிரைக்காரப் பெரியவர் நின்றிருந்தார். அவர் நம்மிடம் ஒன்றும் கேட்கவில்லை. நேரே மருத்துவரிடம் சென்று உருதுவில் ஏதோ சொன்னார்.

மருத்துவர் வந்தார். நாடியைப் பார்த்தார், மார்பில் காதை வைத்துக் கேட்டார். பிறகு, புல்தரையில் ஒரு கயிற்றை நீட்டிப் போட்டு, குதிகாலும் கால்விரலும் தொடும்படி அடிமேல் அடி வைத்து அதன்மீது நடக்கச் சொன்னார். நடந்தோம். தடுமாறவில்லை. அவர் நெடுமூச்சு விட்டார்.

“தடுமாறியிருந்தால் இந்த இரவே உங்களைக் கீழே இறக்க வேண்டியிருக்கும், பாய். கீழே செல்லும் வழி எது தெரியுமா? நாம் வந்த கணவாய்தான். இறங்குவதற்கு முன் மறுபடியும் ஏற வேண்டும். முன்னால் போனால் இதைவிட உயரமான கணவாய். நேற்று நீங்கள் உண்மையைச் சொல்லியிருந்தால் அங்கேயே தங்கியிருப்போம்; முடியாவிட்டால் ஒரே சரிவில் சோனாமார்க் போயிருப்போம். இன்று எங்கள் மூவரையும் இரண்டு கணவாய்களுக்கு நடுவே கொண்டுவந்து நிறுத்திவிட்டீர்கள்.”

நமக்கு நா எழவில்லை. உடல் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் என்று எத்தனையோ முறை பிறருக்குச் சொன்னவர் நாம். ஒரு குழுவாகப் புறப்பட்டுவிட்டால், நம் நோவைப் பற்றிய செய்தியும் பிறருக்குச் சேர வேண்டிய அமானிதம் என்பதை மறந்துபோனோம். ஆசிரியரிடம் மன்னிப்புக் கேட்டோம். “சம்பளம் பிடித்தால் பிடிக்கட்டும் காக்கா. முதலில் கஞ்சியைக் குடியுங்கள்” என்றார் அவர்.

வலி அடியோடு தீரும்வரை மேலே ஓரடி வைக்கக்கூடாது என்று மருத்துவர் கட்டளையிட்டார். அவ்வாறு இரண்டு முழு நாட்கள் விஷன்சர்க் கரையில் கிடந்தோம். விரைந்து நடந்திருந்தால் அந்த ஏரியை அவ்வளவு பார்த்திருக்க மாட்டோம். ஏறத்தாழ 3,700 மீட்டர் உயரத்தில், பனியாறு பல்லாயிரம் ஆண்டுகள் பாறையைக் குடைந்து உண்டாக்கிய பள்ளம் அது. பனி அரைத்த பாறையின் நுண்துகள் நீரில் மிதந்து ஒளியைச் சிதறடிப்பதால், பகலில் அதன் நிறம் பச்சைக்கும் நீலத்துக்கும் இடையே மாறிக்கொண்டே இருந்தது. சுபுஹு நேரத்தில் அந்நீரில் ஒளு எடுத்தால் விரல்கள் நமக்குச் சொந்தமில்லாதவை போல் ஆகிவிடும். இதிலிருந்து செல்லும் நீர் கிஷன்கங்கையாக ஓடி, கட்டுப்பாட்டுக் கோட்டுக்கு அப்பால் நீலம் என்று பெயர் மாறுகிறது.

இரண்டாம் நாள் பக்கர்வால் இடையர் குடும்பம் ஒன்று ஆட்டு மந்தையுடன் வந்தது. இவர்கள் குளிர்காலத்தை ஜம்முவின் தாழ்நிலங்களில் கழித்து, வேனிலில் மந்தையை ஓட்டிக்கொண்டு இம்மேய்ச்சல் நிலங்களுக்கு ஏறி வருபவர்கள். பேசுவது கோஜ்ரி மொழி. ஸலாம் சொன்னோம், பதில் ஸலாம் வந்தது. அதற்கு மேல் நமக்குள் பொதுமொழி இல்லை. நாம் நோயுற்ற செய்தியைக் குதிரைக்காரர் கூறியதும், அவ்வீட்டு மூதாட்டி மக்காச்சோள ரொட்டியும் உப்பிட்ட தேநீரும் கொடுத்தனுப்பினார். இரண்டு நாட்களுக்குப் பின் நாம் வயிறார உண்டது அதுவே. மந்தை மெல்லவே நகர்ந்தது. பிறந்து சில நாளே ஆன குட்டி ஒன்றைச் சிறுவன் தோளில் சுமந்தான். கால் நொண்டிய ஆடு வந்து சேரும்வரை முன்சென்ற கிழவர் கோலை ஊன்றிக் காத்து நின்றார். அவரிடம் எந்த அவசரமும் இல்லை.

மூன்றாம் நாள் காலையில் தலை தெளிந்திருந்தது, அல்ஹம்துலில்லாஹ். கிஷன்சரைக் கடந்து, ஏறத்தாழ 4,200 மீட்டர் உயரமுள்ள கட்சர்க் கணவாயில் ஏறும்போது, கீழே இரு ஏரிகளும் அருகருகே கிடக்கக் கண்டோம். மறுபுறம் பூக்களின் நடுவே கட்சர். ‘ஏழு ஏரி’ என்று பொருள்படும் சத்சரில் கோடை முடிவதற்குள் சில குட்டைகள் வற்றிவிடுகின்றன.

அடுத்து வந்தது மூன்றாவது கணவாய். பாதி ஏற்றத்தில் ஆசிரியர் நின்றார். “காக்கா, எனக்கு மூச்சு முட்டுகிறது. சற்று உட்காருவோமா?” என்றார். அதைச் சொல்ல அவர் நாணவில்லை. எல்லோரும் உட்கார்ந்தோம்; குதிரைகளும் நின்றன. கால்மணி நேரம் சென்றது. அதனால் எவருக்கும் எதுவும் குறைந்துவிடவில்லை.

கணவாயைக் கடந்ததும் 5,142 மீட்டர் உயர ஹர்முக் சிகரமும், அதன் அடியில் காஷ்மீரப் பண்டிதர்கள் புனிதமாகப் போற்றும் கங்காபலும் தெரிந்தன. 1802இல் நம் சென்னைப் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து லாம்ப்டன் தொடங்கிய நிலஅளவைப் பணி, 1856இல் இந்த மலைவரை வந்து சேர்ந்தது. மாண்ட்கோமரி என்னும் அளவையாளர் இங்கிருந்தே, இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பால் தெரிந்த கே-2 சிகரத்தைக் குறித்தார். பரங்கிமலையிலிருந்து ஹர்முக் வர அப்பணிக்கு ஐம்பத்து நான்கு ஆண்டுகள் பிடித்தன. நமக்கோ இரண்டு நாள் தாமதம் பொறுக்கவில்லை!

மறுநாள் ஏறத்தாழ 1,300 மீட்டர் இறங்கி, பழைய கோயில்களின் இடிபாடுகள் நிற்கும் நாராநாக்கை அடைந்தோம். ஆசிரியருக்கு இரண்டு நாள் சம்பளம் பிடிக்கப்பட்டது. ஈடு செய்ய முன்வந்தோம். அவர் வாங்க மறுத்துவிட்டார்.

மலைக்குப் புறப்படும் இளைஞர்கள் இன்று நம் குடும்பங்களிலும் பெருகி வருகின்றனர். மகிழ்ச்சியே. கம்பளியும் காலணியும் நல்லதாக வாங்குங்கள். அவற்றுக்கும் முன்பாக, கேட்கிறவரிடம் ‘ஆம், வலிக்கிறது’ என்று சொல்லப் பழகிக்கொள்ளுங்கள். அதையும் முதல் இரவிலேயே, கணவாயைக் கடக்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.