கோகோ கன்று வேண்டாம், தம்பி

எடப்புளி நாடு,
கொல்லிமலை.
தை மாதம்.

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. காப்பிப் பழம் பறித்து முடிந்தது, களத்தில் காய்கிறது. மிளகு இன்னும் கொடியில்தான்.

பொள்ளாச்சித் தென்னந்தோப்புகளில் கோகோ காய்த்துத் தொங்குவதைப் பார்த்துவிட்டு, நம் காட்டிலும் வைக்கலாமா என்று கேட்டிருந்தாய். ஆகாது. அது வெக்கையும் ஈரமும் கேட்கிற மரம், கீழ்நாட்டுத் தோப்பு நிழலில் வரும். ஆயிரம் மீட்டருக்கு மேலே, மார்கழிப் பனியில் நாமே கம்பளியை விட்டு எழுந்திருக்க யோசிக்கிற ஊரில் அது எங்கே பிழைக்கும்?

ஆனால் நீ அனுப்பிய சாக்லேட் உறையில் நியாய வணிக (ஃபேர் டிரேட்) முத்திரை இருந்ததே, அதை நான் விடவில்லை. மகளிர் குழுவுக்குக் கணக்கு எழுதுகிறவளுக்கு விலைப் பேச்சு என்றால் ஆசை. தேடித் தேடி வாசித்தேன்.

கானா நாட்டில் குவாப்பா கொக்கூ என்று ஒரு கூட்டுறவு. 1993-ல் தொடங்கியது. அதுவரை கோகோ கொள்முதல் அரசு வாரியத்தின் கையில் இருந்தது. வெளியாட்களும் உரிமம் வாங்கிக் கொள்முதல் செய்யலாம் என்று திறந்துவிட்டபோது, விவசாயிகள் சேர்ந்து அந்த உரிமத்தைத் தாங்களே வாங்கிக்கொண்டார்கள். ஊருக்கு ஊர் சங்கம். எடை போட்டுச் சிட்டை எழுதுகிற ஆளை அந்தந்த ஊர்க்காரர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். அவன் தராசில் கை வைத்தால் அடுத்த கூட்டத்தில் மாற்றிவிடலாம். 1998-ல் லண்டனில் டிவைன் என்ற சாக்லேட் கம்பெனி வந்தபோது அதில் இந்த விவசாயிகளுக்கும் பங்கு கிடைத்தது. காய் உடைக்கிறவன் கம்பெனியில் பங்காளி! இதை வாசித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

காசுக் கணக்குக்கு வந்ததும் கொஞ்சம் இறங்கிவிட்டேன். நியாய வணிகத்தில் இரண்டு உண்டு. ஒன்று, சந்தை எவ்வளவு விழுந்தாலும் அதற்குக் கீழே போகாத அடிமட்ட விலை. 2019 அக்டோபரில் அதை டன்னுக்கு 2,400 டாலர் ஆக்கினார்கள். இன்னொன்று ஊக்கத்தொகை, அதை அப்போது டன்னுக்கு 240 டாலர் ஆக்கினார்கள். நம் பணத்தில் கிலோவுக்கு ஏறக்குறைய 20 ரூபாய். ஒரு குடும்பம் வருஷத்துக்கு அரை டன் கொட்டை எடுத்தால் 10,000 ரூபாய். அதுவும் அவர்கள் கைக்கு நேரே வராது. சங்கத்துக்குப் போகும், கிணறா பள்ளிக்கூடமா என்று கூட்டம் போட்டு முடிவு செய்வார்கள். முத்திரை போட்டு விற்கிற கம்பெனிகள் சங்கத்தின் சரக்கு முழுவதையும் வாங்குவதும் இல்லை, மீதி இந்த ஊக்கத்தொகை இல்லாமல்தான் போகிறது.

2024-ல் கோகோ டன் 10,000 டாலரைத் தாண்டி, டிசம்பரில் 12,000-ஐயும் தாண்டியது. மரத்துக்கு நோய், மழையும் கோளாறு. அடிமட்ட விலைக்கு அப்போது வேலையே இல்லை. விவசாயிக்காவது கொள்ளை லாபமா என்றால் அதுவும் இல்லை. கானாவில் விலையை அரசு பருவத் தொடக்கத்திலேயே நிர்ணயித்துவிட்டது, சரக்கையும் முன்கூட்டியே விற்றிருந்தது. ஏறின விலையில் பெரும்பங்கு அவர்கள் வாசலுக்கு வரவேயில்லை.

பிள்ளைகளைக் காட்டு வேலைக்கு விட்டதாக 2009-ல் அந்தக் கூட்டுறவின் சில ஊர்ச் சங்கங்களையே நிறுத்தி வைத்தார்கள் என்பதையும் வாசித்தேன். முத்திரை ஒட்டிவிட்டால் வறுமை ஓடிப்போய்விடாது. ஆனாலும் கேட்க ஒருவர் இருந்தார், நிறுத்தி வைக்கவும் முடிந்தது.

நம் கதையை யோசித்துப் பார். குச்சிக்கிழங்கை லாரியில் ஏற்றிக் கீழே ஜவ்வரிசி ஆலைக்கு அனுப்புகிறோம். விலை மாவுச்சத்துப் பாயிண்ட் கணக்கில். இருபத்தெட்டு என்பார்கள், இருபத்தாறு என்பார்கள். பாயிண்ட் பார்க்கிற கருவி ஆலையில், பார்க்கிற ஆளும் ஆலை ஆள். மறுத்துப் பேசிக் கிழங்கை இந்தக் கொண்டை ஊசி வளைவுகளில் திருப்பி ஏற்றிவர முடியுமா? மிளகு அதைவிட மோசம். ஐப்பசியில் அவசரத்துக்கு முன்பணம் வாங்கியவர், மாசியில் விலை கேட்க வாய் திறக்கமாட்டார். ஈரம், தூசி என்று கழிவு வேறு. கானாக்காரர்கள் முதலில் பிடுங்கியது தராசு பிடிக்கிற இந்த இடத்தைத்தான். முத்திரையும் டாலரும் அப்புறம் வந்தவை.

அதனால் முத்திரைக்கு எழுதிப் போடலாமா என்று நீ கேட்டதற்கு, இப்போதைக்கு வேண்டாம் என்பேன். அதற்குக் கட்டணம் உண்டு, தணிக்கை உண்டு, அந்த விலை கொடுத்து வாங்க வெளிநாட்டு ஆளும் வேண்டும். கேரளத்தில் வயநாடு, கண்ணூர்ப் பக்கம் காப்பி, முந்திரி விவசாயிகள் ஃபேர் டிரேட் அலையன்ஸ் கேரளா என்று ஒன்றாகச் சேர்ந்து அதைச் செய்திருக்கிறார்கள். சேர்ந்து நிற்கிற கூட்டம் இருந்ததால் முடிந்தது. நமக்கும் அனுபவமே இல்லை என்று சொல்லமாட்டேன். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் உதவி செய்து, நம் மலைப் பெண்கள் சாமையும் தினையும் அரைத்துப் பொட்டலம் கட்டிக் கொல்லிமலைப் பெயரிலேயே விற்றவர்கள்தானே.

இந்த மிளகுக்கு எங்கள் தெருவில் பதினொரு வீடு ஒத்துக்கொண்டிருக்கிறது. ஒரே இடத்தில் காயவைத்து, நாமே எடை போட்டு, மொத்தமாக விலை பேசுவது. முன்பணம் வாங்கிவிட்ட மூன்று வீட்டுக்குக் குழுப் பணத்திலிருந்து கொடுத்து மீட்கலாமா என்று ஞாயிற்றுக்கிழமை பேசப்போகிறோம். சண்டை நடக்கும், பெரியப்பாவே எதிர்ப்பார்.

நீ செய்ய வேண்டியது ஒன்று. நூறு கிலோ நிறுக்கிற எலக்ட்ரானிக் தராசும், மிளகில் ஈரம் பார்க்கிற மீட்டரும் கோயம்புத்தூரில் என்ன விலை என்று இரண்டு மூன்று கடையில் விசாரி. அரசு முத்திரை போட்ட தராசுதான் வேண்டும். பணம் இப்போது அனுப்பாதே, விலையை மட்டும் ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் போனில் சொல்.

அன்புடன்,
அக்கா