காத்திருப்பின் கூலி

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் மார்க்கம் வீதியோரம் ஒரு தமிழ் ரேக் அவுட் கடை. தை மாதத்து மாலை. ஆறு மணிக்கே நல்ல இருட்டு. கண்ணாடிச் சுவரோரம் இருக்கிறேன். உள்ளே இரும்புத் தட்டில் கொத்துரொட்டி கொத்தும் சத்தம். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு ரப்லெட் விட்டுவிட்டுக் கிணுகிணுக்கிறது. ஒவ்வொரு கிணுகிணுப்பும் ஒரு ஓடர்.

கதவு திறக்கிறது. குளிரோடு சேர்ந்து ஒரு பையன் உள்ளே வருகிறான். முதுகில் சதுரப் பை, தலையில் ஹெல்மெற். வலது கையுறையில் சுட்டுவிரல் நுனியை மட்டும் வெட்டியிருக்கிறான். போனைத் தொட அந்த ஒரு விரல் வெளியே இருக்கவேண்டும். அது சிவந்து, நகத்தோரம் வெடித்திருக்கிறது.

"தம்பி, இன்னும் அஞ்சு நிமிசம் செல்லும். உதிலை இரும்."

"பரவால்லக்கா, நிக்கிறேன்."

தமிழ்நாட்டுப் பேச்சு. கல்லாவில் நிற்கும் அம்மா நிமிர்ந்து அவன் கையைப் பார்க்கிறார். மறுபேச்சில்லாமல் ஒரு கடதாசிக் கோப்பையில் தேநீர் ஊற்றுகிறார். "இந்தாரும், குடியும். காசு வேண்டாம்." கோப்பையை வாங்கியவன் குடிக்கவில்லை. முதலில் அந்த விரலை அதில் ஒட்டி வைத்துக்கொள்கிறான்.

வெளியே வாகனத் தரிப்பிடத்தில், ஒதுக்கிக் குவித்த பனிக்குப் பக்கத்தில், மின்சைக்கிள்களோடு இன்னும் சிலர் நிற்கிறார்கள். எல்லோருக்கும் இருபது, இருபத்தைந்து வயதுதான் இருக்கும். அவர்களுக்கு இன்னும் ஓடர் வரவில்லை.

உள்ளே நிற்பவனும் காத்திருக்கிறான், வெளியே நிற்பவர்களும் காத்திருக்கிறார்கள். சட்டத்தின் கண்ணில் இவை இரண்டும் வேறுவேறு. செயலி வழி வேலை செய்பவர்களுக்கென்று ஒன்ராறியோ மாகாணம் கொண்டுவந்த சட்டம் 2025 யூலை 1ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. ஓடரை ஏற்றுக்கொண்டதிலிருந்து கொடுத்து முடிக்கும்வரை குறைந்தபட்சக் கூலி உண்டு என்கிறது அது. 2025 ஒக்ரோபரில் அந்தக் கூலி மணிக்கு 17.60 டொலர் ஆனது. கோப்பையைப் பிடித்துக்கொண்டு நிற்பவனின் ஐந்து நிமிடம் கணக்கில் வரும். பனியில் நிற்பவர்களின் ஒரு மணி நேரம் வராது.

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் இந்த நகரத்துக்கு வந்த எங்கள் ஆட்கள் உணவகங்களில் கோப்பை கழுவினார்கள், தொழிற்சாலைகளில் பெட்டி அடுக்கினார்கள். முறிகிற வேலை, சொற்பக் கூலி. ஆனாலும் மெஷின் பழுதாகி நின்ற அரைமணிக்கும் மணிக்கூலி உண்டு. ஆள் வராத செவ்வாய்க்கிழமையும் சம்பள நாள்தான். வியாபாரம் மந்தமானால் அந்த நட்டம் முதலாளியுடையது. எக்ளின்ரன் கிழக்கில் இருந்த ஜெனரல் மோட்டர்ஸ் வான் தொழிற்சாலை 1993இல் மூடப்பட்டபோது ஊரே அறிந்தது. மந்தமான நேரத்தின் நட்டம் முதலாளியின் தோளிலிருந்து தொழிலாளியின் தோளுக்கு மாறியதோ ஓசைப்படாமல் நடந்தது. தெருவில் எத்தனை பேர் நின்றாலும் செயலி நிறுவனத்துக்குச் செலவில்லை. நிற்பவர்கள் கூடக்கூட எங்கள் வீட்டுக்குச் சாப்பாடு சூடாக வருகிறது. அந்தச் சூட்டில் எனக்கும் பங்கிருக்கிறது.

இந்த மாற்றம் சாப்பாடு சுமப்பவர்களோடு நிற்கப்போவதில்லை. இதே நகரத்தில்தான் இன்றைய செயற்கை நுண்ணறிவின் பெரிய திருப்பமும் நடந்தது. ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஹின்ரன் தன் மாணவர்கள் இருவரோடு 2012இல் உருவாக்கிய நரம்பியல் வலையமைப்பு, படங்களை அடையாளம் காண்பதில் மற்ற முறைகளையெல்லாம் பின்னுக்குத் தள்ளியது. 2024இல் அவருக்கு இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. இந்தத் தொழில்நுட்பத்தால் பெருகும் செல்வம் பணக்காரர்களிடமே போய்ச்சேரும், வேலை இழப்பவர்களுக்கு வராது என்று அவரே எச்சரித்து வருகிறார். மொழிபெயர்ப்பு, கணக்கெழுதுதல், வடிவமைப்பு என்று மேசை வேலைகளும் துண்டுதுண்டாகப் பிரிந்து செயலிக்குள் போகலாம். அப்போது பனிக்கு வெளியே, சூடான அறையில் இருந்தபடி எங்கள் பிள்ளைகளும் அடுத்த துண்டுக்காகத் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

செயலி வேலையின் நிலைமையை மாற்ற முயன்றவர்களும் இங்கே இருந்திருக்கிறார்கள். ஃபூடோரா நிறுவனத்துக்குச் சாப்பாடு சுமந்தவர்களுக்குச் சங்கம் அமைக்கும் உரிமை உண்டு என்று 2020 பெப்ரவரியில் ஒன்ராறியோ தொழில் உறவுகள் சபை தீர்ப்பளித்தது. மே மாதத்தில் நிறுவனம் கனடாவை விட்டே போய்விட்டது. யூனில் வாக்குகளை எண்ணிப் பார்த்தபோது பத்தில் ஏறக்குறைய ஒன்பது பேர் சங்கம் வேண்டும் என்றிருந்தார்கள்.

நியூயோர்க் நகரம் இன்னும் ஒரு படி மேலே போனது. 2023 டிசம்பரில் அங்கே வந்த விதி, ஓடருக்காகக் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்துக்கொண்டு மணிக்கு 17.96 டொலர் என்று கூலியைக் கணக்கிட்டது. நிறுவனங்கள் அதன்பின் செயலிக்குள் ஒரே நேரத்தில் வருவோரின் தொகையைக் கட்டுப்படுத்தின. சிலருக்கு வேலைநேரம் குறைந்தது. அந்தச் சிரமத்தை நான் சிறிதாக எண்ணவில்லை. ஆனால் தேவைக்கு மேல் ஆட்களைத் தெருவில் நிறுத்தி வைத்திருந்தார்கள் என்பதற்கு அதைவிட வேறு சான்று வேண்டாம்.

சாப்பாட்டின் விலை ஏறும். ஏறட்டும், நான் கொடுக்கிறேன். ஒருவன் எந்த மூலையில் எத்தனை நொடி நின்றான் என்று அளக்கத் தெரிந்த கருவிக்கு, அந்த நொடிகளுக்குக் கூலி போடுவது பெரிய காரியமில்லை. ஒன்ராறியோ சட்டமன்றம் திருத்தவேண்டியது ஒரு வரிதான்: வேலையை ஏற்ற கணத்திலிருந்து ஓடும் கூலி, வேலைக்குத் தயாராக வந்து நின்ற கணத்திலிருந்து ஓடவேண்டும்.