தில்லிக்கு வழுக்கி வந்த தீவு

தில்லி எனக்கு முதலில் குரலாகத்தான் அறிமுகம். காலை ஏழேகால் மணிக்கு வீட்டு ரேடியோவில் சரோஜ் நாராயணஸ்வாமி செய்தி வாசிப்பார். அப்பா சவரக் கத்தியை அப்படியே பிடித்தபடி கேட்பார். அந்த அம்மாள் பேசுவது நம் தமிழ், ஆனால் உட்கார்ந்திருப்பது தில்லியில் என்பது சிறுவயதில் எனக்குப் பெரிய புதிர். இன்னொரு புதிரும் இருந்தது. ஏதாவது நிகழ்ச்சி சீக்கிரம் முடிந்து அடுத்ததற்கு ஓரிரு நிமிடம் மிச்சமிருந்தால், நிலையத்தார் வாத்திய இசையைப் போட்டு அந்த இடைவெளியை அடைப்பார்கள். வீணை வரும், குழல் வரும். சில நாள் ஒரு கிட்டார் வரும். மற்றக் கிட்டார்களைப் போல அது தாவித் தாவிப் போகாது. ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு வழுக்கிக்கொண்டே போகும். ஹவாயன் கிட்டார் என்பார் அறிவிப்பாளர். அட்லஸில் ஹவாயைத் தேடினால், பசிபிக் பெருங்கடலின் நடுவே நாலைந்து எள்ளைச் சிந்தியது போல் சில புள்ளிகள். அங்கிருந்து இது எங்கள் வீட்டுக் கூடத்துக்கு எப்படி வந்தது?

வேலை நிமித்தம் ஒரு ஜனவரியில் தில்லி போக வாய்த்தபோது, செங்கோட்டையையும் குதுப்மினாரையும் விட்டுவிட்டு வானொலியின் தடத்தில் நடந்து பார்ப்பது என்று முடிவு செய்தேன். மெட்ரோவின் மஞ்சள் தடத்தில் சிவில் லைன்ஸ் நிலையத்தில் இறங்கினால் பழைய அலிப்பூர் சாலை. இப்போது ஷாம்நாத் மார்க். காலை பத்து மணிக்கும் பனிமூட்டம் விலகவில்லை. கார்கள் விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்ந்தன. சாலையோரத்தில் ஒருவர் டயரைக் கொளுத்திக் குளிர் காய்ந்துகொண்டிருந்தார். அந்தப் புகையும் பனியும் கலந்த வாடைதான் எனக்குத் தில்லிக் குளிர்காலத்தின் வாடை.

இந்தச் சாலையின் 18ஆம் எண் பங்களாவிலிருந்துதான் 1936 ஜனவரி 1 அன்று தில்லி நிலையம் பேசத் தொடங்கியது. அகில இந்திய வானொலி என்ற பெயரே அதற்கு ஐந்து மாதம் கழித்துத்தான் வந்தது. இதே சாலையில் 26ஆம் எண் இல்லத்தில் 1956இல் அம்பேத்கர் காலமானார். அங்கே இப்போது விரித்து வைத்த புத்தக வடிவில் நினைவகம் இருக்கிறது. உள்ளே போய் வந்தேன். அரசியல் சட்டத்தை எழுதியவரும் வானொலி நாடகம் எழுதியவர்களும் ஒரே சாலையோடு சம்பந்தப்பட்டிருப்பதை யாரும் ஒரு பலகையில் எழுதி வைத்தால் நன்றாயிருக்கும்.

நாடகம் எழுதியவர்கள் என்றால் சாமானியர்கள் அல்ல. சாதத் ஹசன் மண்டோ 1941இல் இங்கே வேலைக்குச் சேர்ந்தார். ஒன்றரை வருடம்போல இருந்தார். அதற்குள் நூற்றுக்கு மேற்பட்ட வானொலி நாடகங்களை எழுதித் தள்ளினார். கிருஷன் சந்தரும் உபேந்திரநாத் அஷ்க்கும் அதே கூரையின் கீழ். மண்டோவுக்கும் அஷ்க்குக்கும் ஆகாது. தன் நாடகம் ஒன்றில் கைவைத்தார்கள் என்ற கோபத்தில் மண்டோ பம்பாய்க்குக் கிளம்பிவிட்டார் என்று சொல்வார்கள். சம்பளத்துக்கு எழுதினால் எழுத்து கெட்டுவிடும் என்று சொல்கிறவர்களுக்கு அந்த ஒன்றரை வருடத்தைத்தான் நான் காட்டுவேன்.

தில்லிக்குக் கதை கேட்கும் பழக்கம் ரேடியோவால் வந்ததல்ல. ஜாமா மசூதியைச் சுற்றிய தெருக்களில் தாஸ்தான் சொல்கிறவர்கள் இரவெல்லாம் கதையை இழுத்துக்கொண்டு போவார்கள். கடைசிப் பெரிய தாஸ்தான்காரர் மீர் பாகர் அலி 1928இல் காலமானார். இன்னும் எட்டு வருடம் இருந்திருந்தால் அலிப்பூர் சாலையில் அவருக்கு ஒரு மைக் கிடைத்திருக்கும். அந்தக் கலையை 2005இல் மஹ்மூத் ஃபாரூக்கி இதே ஊரில் மேடைக்குத் திரும்பக் கொண்டுவந்தார். நடுவில் முக்கால் நூற்றாண்டு ஓடிவிட்டது. அந்த இடைக்காலத்தில் இரவு நேரத்துக் கதையை ஓரளவு காப்பாற்றிக் கொடுத்தது வானொலிதான். நம் பங்கும் அதில் உண்டு. 1947இல் சுதந்திரச் செய்தியைத் தமிழில் வாசித்த பூர்ணம் விஸ்வநாதன் தில்லி நிலையத்துக்காரர். ‘மோகமுள்’ எழுதிய தி. ஜானகிராமன் பல வருடம் இங்கே கல்வி ஒலிபரப்பில் உத்தியோகம் பார்த்தார்.

1943இல் நிலையம் புதுதில்லியின் பார்லிமெண்ட் தெருவுக்குக் குடிபெயர்ந்தது. படேல் சௌக்கில் இறங்கி, ராம்கிங்கர் பைஜ் செதுக்கிய யட்சனும் யட்சியும் காவல் நிற்கும் ரிசர்வ் வங்கியைப் பார்த்துவிட்டு, ஆகாசவாணி பவனின் எதிர்நடைபாதைக்கு வந்து நின்றேன். உள்ளே போக எனக்கு வேலையில்லை. 1947 நவம்பர் 12, தீபாவளி அன்று காந்தி இந்தக் கட்டடத்துக்கு வந்தார். அவர் வானொலி நிலையத்துக்குள் காலெடுத்து வைத்தது அந்த ஒரே தடவைதான். பிரிவினையில் வீடிழந்து குருக்ஷேத்திர முகாமில் கிடந்தவர்களிடம் பேச வேண்டும், நேரில் போக முடியவில்லை; அதனால் வந்தார். இயந்திரத்தின் முன் பேசக் கூச்சப்படுவார் என்று நினைத்து, பிரார்த்தனைக் கூட்டத்தில் அவர் உட்காரும் பலகையையே ஸ்டுடியோவில் போட்டு வைத்திருந்தார்களாம். அந்த நாளைத்தான் இப்போது பொதுச்சேவை ஒலிபரப்பு நாளாகக் கொண்டாடுகிறார்கள்.

நான் அங்கே நின்று யோசித்ததோ ஹார்மோனியத்தைப் பற்றி. 1940 மார்ச் 1 முதல் அகில இந்திய வானொலி ஹார்மோனியத்தைத் தடை செய்தது. வெளிநாட்டுப் பெட்டி, கட்டை அழுத்தினால் ஒரு சுரம், அடுத்த கட்டைக்குப் போனால் அடுத்த சுரம், நடுவில் ஒன்றும் கிடையாது, நம் இசையின் கமகத்தை அது கொன்றுவிடும் என்றார்கள். இதில் விசித்திரம், இந்த வாதத்தை உரக்கச் சொன்னவர்களில் ஒருவர் தில்லி நிலையத்தில் மேற்கத்திய இசைக்குப் பொறுப்பாக இருந்த ஜான் ஃபௌல்ட்ஸ் என்ற ஆங்கிலேயர். தாகூரும் தடையை ஆதரித்தார். 1971இல்தான் அது தளர ஆரம்பித்தது. முப்பது வருடம் தெருத்தெருவாக பஜனையிலும் நாடகத்திலும் ஒலித்த பெட்டி, ஸ்டுடியோ வாசலில் செருப்போடு சேர்ந்து நின்றது.

அதே முப்பது வருடத்தில் ஹவாயன் கிட்டார் தாராளமாக உள்ளே போய்விட்டது! அதுவும் வெளிநாட்டுச் சரக்குதான், ஹார்மோனியத்தைவிடப் புதுசு. ஆனாலும் அதற்கு அனுமதி. ஏன் என்பதற்கு என் கணிப்பு இது: அதனால் வழுக்க முடிந்தது. மடியில் மல்லாக்கப் படுக்கவைத்து, தந்திகளைத் தூக்கிக் கட்டி, இடது கையில் ஒரு எஃகுத் துண்டை வைத்து அவற்றின் மேல் இழுத்தால், ஒரு சுரத்துக்கும் இன்னொன்றுக்கும் நடுவே உள்ள அத்தனை இடமும் கேட்கும். வடக்கத்தியார் மீண்ட் என்பார்கள், நாம் ஜாரு என்போம். பாஸ்போர்ட்டைப் பார்க்காமல் கழுத்து அசைகிறதா என்று பார்த்திருக்கிறார்கள். நம் காதுக்கும் அது அந்நியமாகப் படாததற்குக் காரணம் உண்டு. கோட்டு வாத்தியத்தில் மரக்கட்டையை வைத்து இழுப்பதும் இதேதான். செம்மங்குடி சீனிவாச ஐயருக்கே ஒரு குரு, திருவிடைமருதூர் சகாராம ராவ் என்ற கோட்டு வாத்தியக்காரர். அலிப்பூர் சாலைக்காரர்கள் வயலினை ஏற்றது, கிட்டாரை ஏற்றது, ஹார்மோனியத்தை விரட்டியது எல்லாம் எனக்கு ஒரே கணக்காகத்தான் தெரிகிறது. பாவம் ஹார்மோனியம், அதைத் தடை செய்தது அநியாயம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் கிட்டாருக்குக் கதவைத் திறந்தவரின் காது நல்ல காது.

அந்த எஃகுத் துண்டின் பூர்வோத்தரமும் சுவையானது. 1880களில் ஓவாஹு தீவில் லாயி என்ற ஊர்க்காரப் பையன் ஜோசப் கெக்குகு, ரயில் தண்டவாளத்தில் கிடந்த ஒரு போல்ட்டை எடுத்துக் கிட்டார் தந்தியில் உரசிப் பார்த்தான் என்பது அங்கே சொல்லப்படும் கதை. 1915இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த பெரும் கண்காட்சிக்குப் பிறகு இந்த ஓசைக்கு உலகமெங்கும் பைத்தியம் பிடித்தது. தௌ மோ என்பவர் சமோவாவில் பிறந்து அதே லாயியில் வளர்ந்தவர். குழுவோடு 1929இல் இந்தியா பக்கம் வந்தவர், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் குடும்பத்தோடு கல்கத்தாவில் தங்கி, கிராண்ட் ஹோட்டலில் வாசித்துக்கொண்டே உள்ளூர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லியும் கொடுத்தார். கல்கத்தாவிலிருந்து கிட்டார் வானொலி அலையில் ஏறியது. வங்காளிகள் அதில் ரவீந்திர சங்கீதம் வாசித்தார்கள், சினிமாப் பாட்டு வாசித்தார்கள். ஜோத்பூர்க்காரரான பிரிஜ் பூஷன் காப்ரா அதில் ராகத்தை முழுதாக விரித்துக் காட்டினார். 1967இல் அவரும் சந்தூர் சிவகுமார் சர்மாவும் குழல் ஹரிபிரசாத் சௌராசியாவும் சேர்ந்து கொடுத்த ‘கால் ஆஃப் த வேலி’ இசைத்தட்டில், காஷ்மீர இடையன் ஒருவனின் ஒரு நாள் விடிவதிலிருந்து இரவு வரை ஒரு சொல்கூட இல்லாமல் கதையாகப் போகிறது. தாஸ்தான்காரர்கள் கேட்டிருந்தால் தொழில் போட்டி என்று பயந்திருப்பார்கள்.

ஹவாயிலும் இதே காலத்தில் வானொலி இருந்தது. தில்லி நிலையம் தொடங்குவதற்கு ஆறு மாதம் முன்பு, 1935 ஜூலையில், வெப்லி எட்வர்ட்ஸ் என்பவர் வைக்கிக்கியின் மோவானா ஹோட்டல் ஆலமரத்தடியிலிருந்து ‘ஹவாய் கால்ஸ்’ நிகழ்ச்சியை ஆரம்பித்தார். கடலோரத்துக்கே மைக்கைக் கொண்டுபோய் அலையோசையை அமெரிக்கக் கண்டத்துக்கு அனுப்புவார்கள். 1975 வரை ஓடியது. இனிமையான நிகழ்ச்சிதான். ஆனால் அதன் கண் சுற்றுலாக்காரனின் பைமேல் இருந்தது. பாட்டில் பாதி அவனுக்குப் புரிய ஆங்கிலம். தில்லி வானொலி எதையும் விற்கவில்லை. அதன் குமாஸ்தாத்தனத்தை எவ்வளவு கேலி செய்தாலும், ஓட்டல் அறை நிரம்ப வேண்டிய கவலை இல்லாததால்தான் யாரோ ஒரு ஜோத்பூர்க்காரர் ஒரு ராகத்தை அரைமணி நேரம் ஆலாபனை செய்ய இடம் கிடைத்தது.

மாலையில் ஊதாத் தடத்தைப் பிடித்து தில்லி கேட் வந்தேன். தரியாகஞ்சில் நேதாஜி சுபாஷ் சாலையோரம் வாத்தியக் கடைகள் உண்டு. ஒரு கடையில் ஹவாயன் கிட்டார் இருக்கிறதா என்று என் ஹிந்தியில் கேட்டேன்.

“மெட்ராஸா?” என்றார் கம்பளித் தொப்பி போட்ட பெரியவர்.

“ஆமாம்ஜி.”

“அங்கே வீணை வாசிப்பீர்களே, இது எதற்கு?”

பதிலை எதிர்பார்க்காமல் பரணிலிருந்து ஒன்றை இறக்கச் சொன்னார். மடியில் கிடத்தி, விரல்களில் உலோக நகங்களை மாட்டிக்கொண்டு, பழைய ஹிந்திப் பாட்டு ஒன்றின் பல்லவியை மட்டும் வாசித்தார். வெளியே பாட்டரி ரிக்ஷாக்களின் இரைச்சல். அதற்குள்ளும் அந்த இழுப்பு என் காதுக்கு வந்து சேர்ந்தது. சிறுவயதில் கேட்டதைவிட ஸ்ருதி கொஞ்சம் சேராமல்தான் இருந்தது. வாங்குகிறவர்கள் குறைந்துவிட்டார்கள், ஜெய்ப்பூர் விஸ்வமோகன் பட்டுக்கு 1994இல் கிராமி விருது கிடைத்ததும் சில காலம் நிறையப் பேர் மோகன வீணை கேட்டு வந்தார்கள் என்றார். தொடாமலே கூடவே அதிரும் பன்னிரண்டு தந்திகளை அதில் எப்படிக் கட்டுவார்கள் என்று காற்றில் விரலால் வரைந்து காட்டினார்.

நான் படித்த ஒரு கதையை அவரிடம் சொன்னேன். கெக்குகுவுக்கும் முன்னால் ஹொனலுலுவில் கேப்ரியல் டேவியன் என்று ஒருவன் கிட்டாரை இப்படி வழுக்கி வாசித்தானாம். அவன் இந்தியாவில் பிறந்தவன், ஒரு கப்பல் தலைவன் அவனைக் கடத்திக்கொண்டு போய் அங்கே விட்டானாம். பெரியவர் அசரவில்லை.

“எல்லா வாத்தியத்துக்கும் இப்படி ஒருத்தனைப் பிடித்து வைத்திருப்பார்கள், பாயி சாஹப். சிதாருக்கு அமீர் குஸ்ரோவைச் சொல்லவில்லையா? நிஜாமுதீனில் போய் அவரையே கேட்டுப் பாருங்கள்.”

விலை சொன்னார். குறைக்கச் சொன்னேன். விலை குறையாது, எஃகுத் துண்டு இலவசம் என்றார். கிட்டார் வேண்டாம், அந்தத் துண்டை மட்டும் தருவீர்களா என்று கேட்டேன். பையனைக் கூப்பிட்டுக் கிட்டாரைப் பழையபடி பரணில் ஏற்றச் சொன்னார்.