சாட்சிகளை ஏற்றிப்போகும் ஜீப்பும் ஒரு மங்கலான சிவப்பு விளக்கும்

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவுகளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடிய தோழர்கள் நம்மிடம் இருக்கிறார்கள். வண்டியில் பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கு எரிந்தால் என்ன அர்த்தம் என்று கேளுங்கள், டிரைவரைக் கைகாட்டுவார்கள். இந்தப் பதிவு அந்த விளக்கைப் பற்றியது. சட்டத்தோடு இதற்கு என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்காக முதலில் பஸ்ஸைப் பற்றிச் சொல்கிறேன்.

1995ஆம் ஆண்டு விதிகளில் 11ஆம் விதி, பாதிக்கப்பட்டவருக்கும் அவரைச் சார்ந்தவர்களுக்கும் சாட்சிகளுக்கும் பயணப்படி, தினப்படி தர வேண்டும் என்கிறது. உடனே தர வேண்டும், அல்லது மூன்று நாளுக்குள். அந்தப் பணத்தைக் கேட்டு வாங்குவது தனிப் போராட்டம். ஆனால் பணம் வந்தாலும் தீராத சிக்கல் ஒன்று உண்டு. நாங்கள் வேலை செய்யும் பல கிராமங்களில் காலையில் கோர்ட்டுக்கு நேரத்துக்குப் போய்ச்சேர ஒரே ஒரு டவுன் பஸ்தான். குற்றம் சாட்டப்பட்டவர்களும் அதில்தான் ஏறுவார்கள். முக்கால் மணி நேரம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு, “எதுக்கு ஆயா இந்த வயசுல கோர்ட்டு கோர்ட்டுன்னு அலையிற” என்று அன்பாகவே கேட்பார்கள். பிறழ்சாட்சி கூண்டில் உருவாவதில்லை, அந்த பஸ்ஸிலேயே பாதி வேலை முடிந்துவிடும். அதனால்தான் எங்களுக்கு அந்தப் பழைய டீசல் ஜீப்.

போன ஐப்பசி மழையில் அது காலையில் ஸ்டார்ட் ஆக மறுக்க ஆரம்பித்தது. தள்ளினால் எடுக்கும். டவுனில் ஒரு பேட்டரி கடையில் காட்டினோம். மீட்டரே வைக்காமல், “பேட்டரி போச்சு மேடம், புதுசு போட்டுடுங்க” என்றார்கள். இரவுப் பாடசாலை நடத்தும் தோழருக்குத் தரும் ஒரு மாதத் தொகை அது. வாங்கும் முன் எங்கள் காலனியில் இருக்கும் பெரியப்பாவிடம் போனோம். அரசு பஸ் டிப்போவில் எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆல்டர்னேட்டரை இன்னமும் டைனமோ என்றுதான் சொல்வார். “அளந்து பாக்காம காசை எடுக்காதம்மா” என்றார்.

இரவு முழுக்க நின்ற வண்டியில் பேட்டரி 11.9 வோல்ட் காட்டியது. நல்ல பேட்டரி முழு சார்ஜில் 12.6 காட்டும். வெளியில் வைத்து சார்ஜ் ஏற்றினோம். மறுநாளும் 12.6 இறங்காமல் நின்றது. செல்ஃப் அடிக்கும்போதும் 10க்குக் கீழே போகவில்லை. ஆக பேட்டரி சாகவில்லை, பட்டினி கிடந்திருக்கிறது. அடுத்து எஞ்சினை ஓடவிட்டு, ஹெட்லைட்டைப் போட்டு, பேட்டரி முனைகளிலேயே அளந்தோம். 13.8க்கும் 14.5க்கும் நடுவில் இருக்க வேண்டியது 12.7தான் இருந்தது. பெல்ட்டைப் பெரியப்பா கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார், அரை அங்குலம் உள்ளே போனது, சரி.

இந்த இடத்தில் பெரும்பாலான ஒர்க்ஷாப்பில் ஆல்டர்னேட்டரைக் கழற்றிவிடுவார்கள். கார்பன் பிரஷ், டயோடு, ரெகுலேட்டர் என்று பில் நீளும். பெரியப்பா அதைத் தொடவே இல்லை. “ராத்திரி லைட் போட்டா அந்த செவப்பு லைட்டு லேசா மினுக்குதா?” என்று கேட்டார். ஆமாம், மங்கலாகத் தெரியும். “அப்ப டைனமோ வேலை செய்யுது. செய்யாட்டி நல்லா பளிச்சுனு எரியும்.”

அந்த விளக்கின் ஒரு முனை பேட்டரிப் பக்கம், மறுமுனை ஆல்டர்னேட்டர் பக்கம். இரண்டிலும் வோல்ட் சமமாக இருந்தால் விளக்கு அணைந்திருக்கும். லேசாக மினுங்கினால் இரண்டுக்கும் நடுவில் கொஞ்சம் வித்தியாசம் இருக்கிறது என்று பொருள். ஆல்டர்னேட்டரின் பின்னால் தடித்த வயர் மாட்டும் போல்ட்டில் ஒரு முனை, அதன் உடம்பில் ஒரு முனை வைத்து அளந்தோம். 14.4! மின்சாரம் உற்பத்தியாகிறது, போய்ச் சேரவில்லை. அந்த போல்ட்டிலிருந்து பேட்டரி பிளஸ்ஸுக்கு அளந்தால் 1.6 வோல்ட் வழியிலேயே காணாமல் போயிருந்தது. எர்த் பக்கம் 0.1, அது பரவாயில்லை. பிளஸ் பக்கத்தில் 0.3க்கு மேல் போனாலே சந்தேகப்பட வேண்டும்.

எஞ்சினை அணைத்து, பேட்டரியின் மைனஸைக் கழற்றிவிட்டு (அந்த போல்ட்டில் எப்போதும் மின்சாரம் இருக்கும், ஸ்பேனர் பாடியில் பட்டால் பொறி பறக்கும்) வயரை எடுத்துப் பார்த்தோம். லக்குக்குள் பச்சை பூத்து, மேலுறை சூட்டில் பழுப்பாகியிருந்தது. வெட்டி, புது லக் அடித்து, ஈயம் வைத்தோம். இருநூறு ரூபாய்க்குள் முடிந்தது. இப்போது பேட்டரியில் 14.2.

இன்னொன்று. எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனையைப் பிடுங்கி, வண்டி நிற்கிறதா என்று பார்க்கும் ரோட்டோரச் சோதனையைச் செய்யவே செய்யாதீர்கள். வோல்ட் திடீரென்று எகிறி, நல்ல டயோடும் போய்விடும்.

அன்று அளவெடுத்தது எங்கள் இரவுப் பாடசாலையில் படித்து இப்போது பாலிடெக்னிக்கில் கடைசி வருடம் இருக்கும் பெண். ஆறு டயோடு வைத்த ரெக்டிஃபையர் படத்தைக் கண்ணை மூடிக்கொண்டு வரைவாள். ஆல்டர்னேட்டரைத் தொட்டது அன்றுதான் முதல்முறை. டவுன் ஒர்க்ஷாப்புகளில் நம் பையன்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஜாக்கி போடுவது, கழுவுவது, கிரீஸ் அடிப்பது, டீ வாங்குவது எல்லாம் அவர்கள்தான். மீட்டர் மட்டும் முதலாளியின் மேஜை டிராயரில் இருக்கும். சாதி வேலையை மட்டும் பிரிப்பதில்லை, வேலை செய்பவர்களையே பிரித்து அடுக்குகிறது என்று அம்பேத்கர் 1936இலேயே எழுதிவிட்டார். எம்.ஏ. வகுப்பில் அதைப் படித்தபோது எனக்குக் கிராமம்தான் கண்ணில் வந்தது. பெரியப்பா ஐ.டி.ஐ. முடித்து இட ஒதுக்கீட்டில் உள்ளே போனவர். முதல் நாலு வருடம் அவருக்கு பேட்டரி ரூமில் ஆசிட் ஊற்றும் வேலை மட்டும்தான் கொடுத்தார்களாம். “சட்டையெல்லாம் சல்லடையாயிடும். மீட்டர் நானே சொந்தமா வாங்கினேன், சாப்பாட்டுப் பையில வச்சு எடுத்துட்டுப் போவேன்” என்றார். அந்த மீட்டர்தான் இப்போது அந்தப் பெண்ணிடம் இருக்கிறது.

ஞாயிறுதோறும் அவள் அளந்து நோட்டில் எழுதுகிறாள். எஞ்சின் நிற்கும்போது ஒன்று, ஹெட்லைட் போட்டு ஓடும்போது ஒன்று. போன வாரம் 12.6, 14.2. வரும் செவ்வாய் குறுக்கு விசாரணை. ஐந்து பேர் போக வேண்டும். முன் சீட்டு ஆயாவுக்கு.