நொடிக்கு 25 படங்கள்

அர்ச்சுனா ஆறும் வைப்பாறும் கூடும் இடத்தில் இருக்கிறது இருக்கன்குடி. ஆண்டின் பெரும்பகுதி இரண்டிலும் நீரைவிட மணலே மிகுதி. ஆடி மாதத்தின் கடைசி வெள்ளியன்று மட்டும் அம்மணல் தெரியாதபடி மக்கள் நிறைந்துவிடுவர். தூத்துக்குடி, திருநெல்வேலி, விருதுநகர் மாவட்டங்களிலிருந்து நடந்தே வருவோர் முதல்நாளே வந்து தங்குவர். மாரியம்மனுக்கு அக்கினிச்சட்டி எடுப்போர் ஒருபுறம். கண்நோய் தீர்ந்தமைக்காகக் கண்மலர் சாத்துவோர் மறுபுறம். அத்தகைய ஒரு வெள்ளிக்கிழமையில்தான் என் பழைய மாணவர் ஒருவரைப் பல ஆண்டுகளுக்குப் பின் கண்டேன். தோளில் நிகழ்படக் கருவியுடன் ஒரு சிறு சரக்குந்தின் மேல் நின்றிருந்தவர், "ஐயா!" என்று அழைத்தபடி குதித்து இறங்கினார்.

வகுப்பில் அவர் எப்போதும் சாளரத்தின் பக்கமே பார்த்துக்கொண்டிருப்பார். அதற்காக நான் பலமுறை கடிந்துகொண்டதுண்டு. பார்ப்பதே அவருக்குத் தொழிலாகும் என்று அன்று எனக்குத் தெரியாது.

திருமண வீடுகளில் விளக்குப் பிடிக்கும் உதவியாளராகத் தொடங்கியவர் அவர். பிறகு செய்திக்காகப் படமெடுக்கலானார். எந்தத் தொலைக்காட்சிக்கும் அவர் ஊழியர் அல்லர். மாதச் சம்பளம், விடுப்பு, ஓய்வூதியம் எதுவும் இல்லை. அனுப்பிய செய்தி ஒளிபரப்பானால் அதற்கு மட்டும் ஒரு தொகை. அதுவும் சில வேளைகளில் மூன்று மாதம் கழித்து வரும். தொடக்கக் காலத்தில் ஒளிநாடாவை உறையிலிட்டு, சாத்தூர்ப் பேருந்து நிலையத்தில் மதுரைப் பேருந்தின் நடத்துநரிடம் கொடுத்தனுப்புவாராம். பேருந்து தாமதித்தால் செய்தி பழையதாகிவிடும். இன்று கைப்பேசியிலிருந்தே அனுப்பிவிடலாம். ஆனால், வழியில் செல்லும் எவரும் அவருக்கு முன்பே அனுப்பிவிடவும் கூடும்.

அன்று மாலை மண்டபத்து நிழலில் அமர்ந்து தம் தொழிலின் நுட்பங்களை எனக்கு விளக்கினார். ஆசிரியருக்குப் பாடம் நடத்துவதில் அவருக்கு ஒரு மகிழ்ச்சி! முதலில் ஒரு வெள்ளைத்தாளைக் கருவிக்குக் காட்டவேண்டும். அவ்விடத்து வெளிச்சத்தில் வெண்மை எது என்று அதற்குக் கற்பித்தால்தான் மற்ற நிறங்கள் சரியாக அமையும். பிறகு தொலைவிலிருந்து இடம் முழுவதையும் எடுக்கவேண்டும், அடுத்து மனிதர்களை, கடைசியில் அண்மைக் காட்சியாக ஒரு கையை, ஒரு முகத்தை. கருவியை அசைக்காமல் மூச்சை அடக்கிப் பத்து நொடி நிற்கவேண்டும். நொடிக்கு 25 படங்கள்.

"எப்போது உனக்கு வேலை மிகுதி?" என்று கேட்டேன்.

உடனே விடை வரவில்லை. "ஊரில் எல்லாரும் நன்றாக இருந்தால் எனக்கு வேலை இல்லை, ஐயா" என்றார். திருவிழாவிற்கு 20 நொடி இடம் தருவார்கள். வெடிவிபத்திற்கு நாள் முழுவதும் அழைப்பார்கள். மேற்கே சிவகாசி, சாத்தூர் வட்டாரத்துச் சிற்றூர்களில் எங்கேனும் ஓசை கேட்டால், அவருடைய கண்கள் முதலில் வானத்தில் புகையைத் தேடும். அடுத்த கணம் அந்தப் பக்கத்து ஆலைகளில் வேலை செய்யும் உறவினர் யார் யார் என்று மனம் எண்ணத் தொடங்கும். கருவிப்பையைத் தோளில் மாட்டும்போது, 'இது பணம்' என்று ஓர் எண்ணம் வந்துபோகும் என்றும் சொன்னார். அதைச் சொல்லும்போது என் முகத்தை அவர் பார்க்கவில்லை.

2012ஆம் ஆண்டு செப்டம்பர் 5. ஆசிரியர் நாள் என்பதால் காலையில் என்னிடம் தொலைபேசியில் வாழ்த்துப் பெற்றவர், நண்பகலுக்குப் பின் சிவகாசியை அடுத்த முதலிப்பட்டிக்கு விரைந்துகொண்டிருந்தார். பட்டாசு ஆலையில் முதல் வெடிப்பு நிகழ்ந்ததும் உதவுவதற்கும் பார்ப்பதற்கும் ஓடிய ஊர்மக்கள் பலர், அடுத்துவந்த வெடிப்பில் சிக்கினர். அன்று முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். "அருகில் போய்ப் பார்ப்பதுதான் என் தொழில். அருகில் போய்ப் பார்த்தவர்களைத்தான் அன்று நான் படமெடுத்தேன்" என்றார்.

இரவில் மருத்துவமனைப் பிணவறை வாயிலில் நின்றபோது, 'முகங்கள் வேண்டும். அழுகை வேண்டும்' என்று தொலைபேசியில் கேட்டுக்கொண்டே இருந்தார்களாம். இவர் கதவை எடுத்தார்; கழற்றிப் போட்டிருந்த செருப்புகளை எடுத்தார்; பெயர்ப்பட்டியலை ஒட்டிய சுவரை எடுத்தார். முகங்களை எடுக்கவில்லை. பிறகு சில மாதங்கள் அங்கிருந்து அழைப்பே வரவில்லை.

நான் ஆசிரியன் அல்லனா? எதிர்வாதம் செய்யாமல் இருக்க இயலவில்லை. 1984 டிசம்பரில் போபால் நச்சுவாயுவில் இறந்த ஒரு குழந்தையின் முகத்தை, மண்ணிட்டு மூடும் தறுவாயில் ரகு ராய் எடுத்தாரே, அந்த ஒரு முகம்தானே அப்பேரழிவை உலகின் நினைவில் நிறுத்தியது என்றேன். முகத்தை மறைத்தால் குற்றமும் மறைந்துவிடாதா? ஓர் அறையில் இத்தனை பேர்தாம் இருக்கவேண்டும் என்று விதி இருக்கிறது. அதை மீறியவரை யார் கேட்பார்? 'உராய்வினால் வெடிவிபத்து' என்னும் ஒரே தொடர் ஆண்டுதோறும் செய்தியில் திரும்பத் திரும்ப வருவதைக் கண்டு சலித்த கோபமும் என் குரலில் இருந்திருக்கும்.

"நீங்கள் சொல்வது சரிதான், ஐயா. ஆனால், அவர் வேற்றூரிலிருந்து சென்றவர். நான் நாளைக்கு அந்தத் தாயின் வீட்டுக்கு எதிர்க்கடையில் பால் வாங்கவேண்டும்."

இதற்கு என்னிடம் விடை இருக்கவில்லை. ரகு ராயும் சரி, இவரும் சரி என்றே இன்றும் எண்ணுகிறேன். இரண்டும் எப்படிச் சரியாகும் என்று மாணவர் எவரேனும் கேட்டால் திணறித்தான் போவேன்.

பிறகு அவர் வேறொன்று சொன்னார். திருவிழாவில் மூன்று மணிநேரம் எடுத்தால் 20 நொடிதான் ஒளிபரப்பாகும். எஞ்சியவற்றை அவர் அழிப்பதில்லை. ஆண்டுவாரியாகச் சேமித்து வைத்திருக்கிறார். இடத்தை அடைக்கும் வீண்வேலை என்று வீட்டில் குறைகூறுவார்கள். ஒருநாள் காலை, பக்கத்து ஊரிலிருந்து ஒரு முதியவரும் அவருடைய பேத்தியும் வந்தார்கள். முதல்வாரம் செய்தியில் ஒரே வரியாக வந்துபோன சிறு விபத்து ஒன்றில் இறந்தவர் அச்சிறுமியின் தாய். மாலையிட்டு வைக்க வீட்டில் ஒரு படமும் இல்லை. குடும்ப அட்டையில் இருந்ததோ முகம் தெரியாத அளவுக்கு மங்கியிருந்தது. போன ஆடியில் அவர் அக்கினிச்சட்டி எடுத்தபோது இவர் படமெடுத்துக்கொண்டிருந்ததை யாரோ நினைவூட்டியிருக்கிறார்கள்.

இரண்டு இரவுகள் தேடினார். கூட்டத்தின் ஓரத்தில் மஞ்சள் சேலையுடன் அப்பெண் நடந்துசென்றது ஆறு நொடி. 150 படங்கள். அவற்றை ஒவ்வொன்றாகத் திரையில் நிறுத்திக் காட்டினாராம். பெரும்பாலானவற்றில் புகை முகத்தை மறைத்திருந்தது. ஒன்றில் நேராகக் கருவியைப் பார்த்தபடி தெளிவாக இருந்தார். அதையே அச்சிடலாம் என்று இவர் சொன்னார். சிறுமி தலையசைத்து மறுத்துவிட்டாள். சற்று மங்கலான வேறொன்றைக் காட்டினாள். அதில் அப்பெண் படத்துக்குள் இல்லாத யாரையோ திரும்பிப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"அங்கே நான்தான் நின்றுகொண்டிருந்தேன்" என்றாளாம் அவள்.