அணியம்

தூத்துக்குடி பழைய துறைமுகத்தில் முதன்முதலாகத் தோணியேறிய அன்று எனக்கு எட்டு வயது. மாலத்தீவு போய்த் திரும்பி நங்கூரம் போட்டிருந்த தோணி. பலகை, பாய், கயிறு எல்லாவற்றிலும் மாசிக் கருவாட்டு வாசம் ஊறிக் கிடந்தது. தாத்தாதான் தண்டல், தோணியின் தலைவர். சுக்கானருகே உட்கார்ந்திருந்தவர் சொன்னார்: "எய்யா, அணியத்துல ஒரு சாக்கு கெடக்கு, எடுத்துட்டு வா."

எனக்கு ஆச்சியின் பாம்படம்தான் ஞாபகத்துக்கு வந்தது. அணிவதுதானே அணியம்! முழித்ததைப் பார்த்துப் பக்கத்தில் நின்றவர், "முன்பக்கம்லே" என்றார். நான் தாத்தாவைப் பார்த்து நின்றுகொண்டிருந்தேன். என் மூக்குக்கு நேரே இருப்பதுதானே முன்பக்கம்? அவரைத் தாண்டிப் போய் சுக்கானுக்குப் பின்னால் தேடினேன். தோணி முழுக்கச் சிரிப்பு.

தாத்தா மட்டும் சிரிக்கவில்லை. கையைப் பிடித்து மறுகோடிக்குக் கூட்டிப்போனார். இருபக்கப் பலகைகளும் வளைந்துவந்து ஒன்றாய்க் கூடிக் கூராகிற இடம். "நீ எந்தப் பக்கம் திரும்பி நின்னாலும் இதுதாம்லே அணியம்" என்றார். நடுக்கடலில், இருட்டில், ஆளுக்கொரு பக்கம் பார்த்துக் கயிறு இழுக்கையில் 'முன்னால போ' என்றால் யாருக்கு எது முன்னால்? அணியம் என்றால் குழப்பமில்லை. அதற்கு எதிர்க்கோடி பின்னணியம். பின்னாளில் அகராதியைப் புரட்டினேன். 'கப்பலின் முன்பக்கம்' என்றிருந்தது. என்னைத் தோணியில் சிரிப்புக்கு ஆளாக்கிய அதே பதில்!

நங்கூரக் கயிறு அணியத்தில்தான் கட்டியிருக்கும். அதனால் நங்கூரமிட்ட தோணி காற்று வரும் பக்கம் அணியத்தைத் திருப்பிக்கொள்ளும் (நீரோட்டம் வலுத்தால் சற்றே கோணும்). நங்கூரமிட்ட தோணிகள் தெரியும் எங்கள் வீட்டு மொட்டைமாடி எனக்குக் காற்றுப் பள்ளிக்கூடமானது. கொண்டல் வீசினால் அத்தனை அணியமும் கிழக்கே, கடலைப் பார்த்து. தாத்தா கொழும்புக்கோ மாலத்தீவுக்கோ போயிருக்கும் காலம் அது.

கச்சான் கிளம்பினால் எல்லாம் மேற்கே, ஊரைப் பார்த்துத் திரும்பிவிடும். நான் மாடியிலிருந்தே கத்துவேன்: "ஆச்சி, அணியம் திரும்பிட்டு!"

கீழே ஆச்சி, உலையில் இன்னொரு ஆழாக்கு அரிசி சேர்த்துப் போடுவாள்.