வேருக்குள் நிற்கும் தண்டு: போஸ்ட், கோர் வகைகளும் வார்ப்பவர்களும்

ரூட் கேனால் சிகிச்சை முடிந்த பல்லின் மேற்பகுதி பெரும்பாலும் சிதைந்துபோனால், பல்லின் மேல் பொருத்தும் உறையான கேப் பற்றி நிற்க இடமிருக்காது. அப்போது வேர்க்குழாயில் இறக்கப்படும் தண்டு போஸ்ட். அதன்மேல் எழுப்பப்படும் குட்டைப் பல் கோர். போஸ்ட் வேருக்கு வலுவூட்டுவதில்லை. கோரைப் பிடித்து நிறுத்துவதே அதன் வேலை. அந்த வேலையில் வேருக்கு என்ன நேர்கிறது என்பதே வகைப்பாட்டின் மையம்.

முதல் பிரிவு செய்முறை சார்ந்தது: வார்த்தெடுப்பது, ஆயத்தமாகக் கிடைப்பது. வார்ப்புப் போஸ்ட் டெண்டல் லேப் தொழிலாளரின் கைவேலை. மருத்துவர் குழாயில் வடித்து அனுப்பும் ரெசின் அச்சில் மெழுகுக் காம்பு ஒட்டி, வளையத்துக்குள் நிறுத்தி, குமிழி சேராமல் அச்சுமாவை ஊற்றுகிறார்கள். சூளையில் ரெசின் அச்சு எரிந்து வெற்றிடமாகிறது. உருகிய நிக்கல்-குரோமியம் சுழல்விசையில் அதை நிரப்புகிறது. ஆறியதும் இறுகிய அச்சுமாவை உடைத்து, அலுமினா மணலைப் பீய்ச்சித் துப்புரவு செய்கிறார்கள்.

கேப் சற்றே தளர்வாக அமைய அச்சுமா விரிய வேண்டும்; போஸ்ட்டுக்கோ அந்த விரிவைக் குறைக்க வேண்டும். இறுக்கமான போஸ்ட் வேரைப் பிளந்துவிடும். கடுகளவு உலோகப் பரு இருந்தாலும் ஆபத்துதான். அதனால் உருப்பெருக்கியில் பார்த்துப் பருக்களைத் தேய்த்தெடுப்பது இத்தொழிலின் நுட்பமான கட்டம். அந்தத் தேய்ப்பில் பறக்கும் நிக்கல் தூளும், அச்சுமாவை உடைக்கையில் எழும் சிலிக்கா தூசும் தொழிலாளரின் தோலையும் நுரையீரலையும் கெடுப்பவை. தூசு உறிஞ்சியும் முகக்கவசமும் இல்லாத லேப் மேசை தொழிலாளருக்கு இழைக்கும் அநீதி.

ஆயத்தப் போஸ்ட்டுகள் பொருளால் பிரிகின்றன: துருப்பிடிக்காத எஃகு, டைட்டானியம், சிர்கோனியா, இழை வகை. 1990ஐ ஒட்டி வந்த கார்பன் இழை கருநிறமானது. பின்வந்த கண்ணாடி, குவார்ட்ஸ் இழைகள் முன்பற்களின் நிறத்தைக் கெடுப்பதில்லை. எஃகு, பல்லின் உட்பொருளான டென்டினைவிடப் பத்து மடங்குக்கு மேல் விறைப்பானது. இழைப் போஸ்ட் டென்டினை நெருங்குகிறது. அதனால் இழைப் போஸ்ட் தோற்கும்போது பெரும்பாலும் ஒட்டுதான் விடுகிறது, பல்லை மீண்டும் சரிசெய்யலாம். விறைத்த உலோகம் தோற்கையில் வேரே பிளந்து பல்லைப் பிடுங்க நேரலாம்.

வடிவத்தில் இணைபக்கம், கூம்பு என இரண்டு. இணைபக்கம் நன்றாகப் பிடிக்கும். ஆனால் வேர்நுனிப் பக்கம் அதிகம் குடைய வேண்டும். கூம்பு வேரின் வடிவோடு ஒத்துப்போகும். ஆனால் ஆப்பைப்போல் அழுத்தும். மேற்பரப்பு வழவழப்பாகவோ வரிகளோடோ திருகுமரையோடோ இருக்கும். மரையுள்ளது டென்டினைக் கடித்து இறங்குவதால் பிடிப்பும் அதிகம், வெடிப்பு அபாயமும் அதிகம். மற்றவை சிமெண்டை நம்பி நிற்பவை.

எந்த வகையானாலும் வேர்நுனியில் 4 முதல் 5 மில்லிமீட்டர் கட்டாபெர்ச்சா அடைப்பு (வேர்க்குழாயை நிரப்பும் பொருள்) எஞ்ச வேண்டும். ஈறுக்கு மேல் கேப் சுற்றிப் பிடிக்க 2 மில்லிமீட்டரளவு இயற்கைப் பல் வளையமாக இருப்பது நல்லது. ஃபெரூல் எனப்படும் அந்த வளையம் இல்லாத பல்லை, எவ்வளவு நேர்த்தியாக வார்த்த போஸ்ட்டாலும் நெடுநாள் காப்பது கடினம்.